எடை இறங்காதவர் எதிரே அமரும்போது

அன்புள்ள தங்கைக்கு,

உடல்பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்யும் பேரியாட்ரிக் பிரிவில் டயட்டீஷியனாகச் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் எடை மெதுவாக இறங்குகிறவர்களிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் திணறுவதாகவும் எழுதியிருக்கிறாய். கடகடவென்று இறங்குகிறவர் நம் பேச்சைக் கேட்காவிட்டாலும் முதல் வருடம் இறங்கிவிடுவார். நம் தொழிலின் உண்மையான தேவை மெதுவாக இறங்குகிறவர்களுக்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்றாவது வாரத்தில் பெரும்பாலும் ஓர் அழைப்பு வரும். "மேடம், ஒரு வாரமா மெஷின்ல நம்பரே அசையல. தண்ணியும் புரோட்டீன் பவுடரும்தான் குடிக்கிறேன். எனக்கு மட்டும் ஆபரேஷன் வேலை செய்யலையா?" அந்தப் பதற்றம் நியாயமானது. முதல் இரண்டு வாரத்தில் மளமளவென்று இறங்கியிருக்கும். அதே வேகத்தில் போகும் என்று வீட்டில் எல்லோரும் கணக்குப் போட்டிருப்பார்கள். அந்த முதல் இறக்கத்தில் பெரும்பகுதி தண்ணீர் என்பதை அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் அந்தச் சேமிப்பு கரைகிறது, நீரும் வெளியேறுகிறது. அதற்குப் பிறகு உடல் கொஞ்சம் நீரைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டிருக்கும்போதே மெஷினில் எண் நிற்பது இதனால்தான். இதை மூன்றாவது வாரம் அழைப்பு வந்த பிறகு சொன்னால் சமாதானம் சொல்வதுபோல் இருக்கும். டிஸ்சார்ஜ் நாளிலேயே சொல்லிவிடு. "மூணாவது வாரம் நிக்கும், பயப்படாதீங்க" என்று முன்கூட்டியே கேட்டவர், எண் நின்ற அன்று உன்னை நம்பத் தொடங்குவார்.

அடுத்தது ஒப்பீடு. காத்திருக்கும் கூடத்தில்தான் இது தொடங்குகிறது. "அந்த அண்ணனுக்கு முப்பத்திரண்டு கிலோ போயிடுச்சாம், எனக்கு இருபத்தி மூணுதான்." நீ பேப்பரை எடுத்து அவர் கண் முன்னே கணக்குப் போடு. அந்த அண்ணன் 130 கிலோவில் ஆபரேஷனுக்குப் போனவர். இந்த அம்மா 92 கிலோ, 155 சென்டிமீட்டர் உயரம். இருவருக்கும் இறங்கியிருப்பது ஏறக்குறைய அவரவர் எடையில் நான்கில் ஒரு பங்கு. வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு ஒரு வருடத்தில் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய அதுதான். உணவின் பாதையை மாற்றித் தைக்கும் பைபாஸ் என்றால் 30 சதவீதம் வரை போகலாம். கிலோவில் பார்த்தால் தோற்றதுபோலத் தெரியும் அம்மா, சதவீதத்தில் பார்த்தால் அண்ணனுக்குச் சமமாக நிற்கிறார். இதற்கு மேல் வயது, நீண்ட காலச் சர்க்கரை நோய், பெண் உடலில் தசை குறைவாக இருப்பது, மாதவிடாய் நின்றுவிட்டது என்று ஒவ்வொன்றும் வேகத்தைக் குறைக்கும். அவற்றில் எதையும் அந்த அம்மா தேர்ந்தெடுக்கவில்லை.

இனி நான் சொல்லப் போவதை மட்டும் மறக்காதே. எடை இறங்கவில்லை என்று வருபவரிடம் உன் முதல் கேள்வி "ஒளிச்சு வெச்சு ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று இருக்கவே கூடாது. சிறு வயதிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு மரத்துப்போனவர்கள் அவர்கள். பள்ளியில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் உட்காரும்போது, துணிக்கடையில் எல்லாம் பட்டவர்கள். வயிற்றில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துக்கொண்டும் குறையவில்லை என்றால், "வாயைக் கட்டத் தெரியல" என்று சொந்தக்காரர்கள் ஏற்கெனவே தீர்ப்பு எழுதியிருப்பார்கள். நீயும் அதே தீர்ப்பைப் படித்தால் அவர் அடுத்த முறை வர மாட்டார். வராமல் போனவருக்கு பி12 குறைந்தாலும், இரும்புச் சத்து இறங்கினாலும், எலும்பு தேய்ந்தாலும் நமக்குத் தெரியாது. மெதுவாக இறங்குவதால் வரும் கேட்டை விட வெட்கப்பட்டு வராமல் போவதால் வரும் கேடு பெரிது.

எனவே முதலில் மருந்துச் சீட்டை வாங்கிப் பார். இன்சுலின் எடையை எளிதில் இறங்க விடாது. அதோடு, ஆபரேஷனுக்குப் பிறகும் பழைய அளவிலேயே இன்சுலினோ கிளிமிபிரைடோ போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கி, அவர் மிட்டாயோ குளுக்கோஸோ வாயில் போட்டுக்கொள்வார். பார்ப்பவருக்கு அது நாக்கு அடங்காததுபோல் தெரியும். உண்மையில் மருந்தின் அளவைத்தான் மாற்ற வேண்டும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு எடுக்கிறாரா, மனநல மருந்துகளில் ஓலன்சபின், வால்ப்ரோயேட் போன்றவை உண்டா, தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் அமிட்ரிப்டிலின் தருகிறார்களா, தைராய்டு எப்போது பார்த்தது என்றெல்லாம் கேள். எந்த மாத்திரையையும் நீ நிறுத்தச் சொல்லாதே. எழுதிக் கொடுத்த மருத்துவருக்கு ஒரு கடிதம் போடு. மனநல மருந்தைத் தானாக நிறுத்தியவருக்கு எடையை விடப் பெரிய ஆபத்து காத்திருக்கும்.

"பசி திரும்பிடுச்சு, வயிறு விரிஞ்சுடுச்சா?" என்று கேட்பார்கள். ஸ்லீவில் வெட்டி எடுக்கும் மேல்பகுதிதான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கும் இடம். 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்த ஹார்மோன் அது. அந்தப் பகுதி போனதும் முதல் சில மாதங்கள் பசியே தெரியாது. பிறகு பசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவது இயல்பு. வயிறு விரிந்ததற்கு அது அத்தாட்சி ஆகாது. ஸ்லீவ் செய்தவர்களில் நிறையப் பேருக்கு நெஞ்செரிச்சலே பசிபோலத் தோன்றும். சாப்பிட்டால் அடங்குகிறது, சற்று நேரத்தில் மீண்டும் எரிகிறது என்றால் அதை மருத்துவரிடம் சொல்.

இவ்வளவும் பார்த்த பிறகு உணவுக்கு வா. அங்கேயும் எவ்வளவு என்பதற்கு முன்னால் எப்படிப்பட்டது என்று கேள். சிறுத்த வயிறு கெட்டியான உணவைத்தான் தடுத்து நிறுத்தும். கோழிக்கறி இரண்டு துண்டில் நிறைந்துவிடும். குழையப் பிசைந்து ரசம் விட்ட சோறோ, டீயில் நனைத்த பிஸ்கட்டோ, வாயிலேயே கரையும் முறுக்கோ மிக்சரோ ஐஸ்கிரீமோ தங்காமல் வழுக்கி இறங்கிவிடும். அவர் பொய் சொல்லவில்லை; ஒரு வேளைக்கு உண்மையிலேயே கொஞ்சம்தான் சாப்பிடுகிறார். அந்தக் கொஞ்சம் மணிக்கொரு தரம் வருகிறது. இதற்கு நம் வீட்டு வழக்கமும் துணை. ஆபரேஷன் ஆனவருக்குக் குழைந்த சோறும் கஞ்சியும்தான் நல்லது என்று முதல் மாதத்துப் பத்தியத்தை ஆறாவது மாதத்திலும் அன்போடு தொடர்வார்கள். வெல்லம் போட்ட சத்துமாவுக் கஞ்சி, இளநீர், பழச்சாறு எல்லாம் பலம் வருவதற்கென்று கொடுப்பவை. சமைக்கிறவரையும் கூட்டி வரச் சொல்லி அவரிடமே பேசு. பல நேரம் சமைக்கிறவரே நோயாளியாகவும் இருப்பார். நாலு பேருக்குச் சமைத்து, ருசி பார்த்து, மிச்சம் வீணாகக் கூடாதென்று வாயில் போட்டுக்கொள்ளும் பெண்ணிடம் கலோரி அட்டவணையை நீட்டினால் எந்தப் பயனும் இல்லை. சமையலறையில் நிற்கும் நேரத்தை எப்படிக் குறைப்பது என்று அவரோடு உட்கார்ந்து யோசி.

புரதம் நாளைக்கு 60 முதல் 80 கிராம் என்று எழுதிக் கொடுப்பது எளிது. சைவக்காரருக்கு அது எங்கிருந்து வரும் என்று தட்டில் காட்டு. பாலும் தயிருமாக அரை லிட்டரில் 15 கிராம், 30 கிராம் உலர்ந்த சோயா உருண்டையில் 15, 50 கிராம் பன்னீரில் 9 அல்லது 10, ஒரு சிறு கிண்ணம் சுண்டலில் 6 அல்லது 7, ஒரு கரண்டி புரோட்டீன் பவுடரில் 20 கிராம் அளவு. இட்லி ஒன்றில் இரண்டு கிராம்தான். அசைவம் சாப்பிடுகிறவர் என்று குறித்துக்கொண்டு புரட்டாசியில் என்ன செய்வார், கார்த்திகையில் மாலை போடுவாரா, நோன்பு வைப்பாரா என்று கேட்காமல் விட்டால், அந்த மாதங்களில் அவர் சோறும் சாம்பாருமாகத்தான் இருப்பார். புரதத்தை முதலில் சாப்பிடச் சொல். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர்.

எடை நின்றதும் பயந்து, இருப்பதையும் குறைக்கப் பார்ப்பவர்களிடம் நீ உறுதியாக இருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை மாதக்கணக்கில் அரைப் பட்டினி போட்டு ஆராய்ந்தார். அவர்கள் உடல் செலவழிக்கும் ஆற்றல் வெகுவாகச் சுருங்கியது. எந்நேரமும் சோற்று நினைப்பு, மனச்சோர்வு. 2016இல் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு, அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்தது. அவர்கள் உடல், எதிர்பார்த்ததை விட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவிட்டது. பட்டினி கிடந்து எடையை விரட்ட முடியாது. தசையை இழந்தால் வேகம் மேலும் குறையும். நடைப்பயிற்சியோடு வாரம் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் எடை தூக்கவோ, நாற்காலியில் உட்கார்ந்து எழவோ சொல்லிக்கொடு.

பட்டினியோடு தொடர் வாந்தியும் சேர்ந்தால் அங்கே எடைப் பேச்சு வேண்டாம். கால் மரப்பு, தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிவது இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் அனுப்பு. இவை தயமின் குறைவின் அடையாளமாக இருக்கலாம்; அது மூளையை நிரந்தரமாகக் கெடுக்கும். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் இன்னும் மோசமாகும்.

மெஷினில் தினமும் ஏறுகிறவரை வாரம் ஒரு நாளுக்குக் கொண்டு வா. அதே கிழமை, காலை, மலம் கழித்த பிறகு. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்து எண்ணை நம்ப வேண்டாமென்று சொல். இடுப்பளவை நீயே டேப்பால் அளந்து குறித்து வை. அதன் பக்கத்தில் மற்றதையும் எழுது: எச்பிஏ1சி எவ்வளவு, பிரஷர் மாத்திரை மூன்றிலிருந்து எத்தனையானது, இரவில் குறட்டை குறைந்ததா, தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா, பஸ் படியில் கைப்பிடி இல்லாமல் ஏறினாரா. ஆறுதலுக்காக இதைச் செய்யச் சொல்லவில்லை. ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய எஸ்ஓஎஸ் என்ற உடல்பருமன் ஆய்வில் ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டாயிரம் பேரில் மூன்றில் இரண்டு பங்கினருக்குச் செய்தது வயிற்றைத் தைத்துப் பட்டை கட்டிச் சுருக்கும் பழைய முறை. பத்து ஆண்டுகள் கழித்து அவர்களிடம் தங்கிய எடைக்குறைவு சராசரியாக 16 சதவீதம்தான். அப்படியிருந்தும் ஆபரேஷன் செய்துகொண்டோரின் இறப்பு அபாயம், மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தாலும், செய்யாதவர்களை விட 29 சதவீதம் குறைவு என்று 2007இல் வெளியிட்டார்கள். நம் கூடத்தில் "தோல்வி" என்று தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவர் பலர், அந்த 16 சதவீதத்தை எப்போதோ தாண்டியவர்கள்.

இளம் பெண்களிடம் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். பிசிஓஎஸ் இருப்பவருக்கு எடை கொஞ்சம் இறங்கும்போதே மாதவிலக்கு சீராகிவிடலாம். எதிர்பாராமல் கரு தங்கலாம். "குழந்தைக்காகத்தானே ஆபரேஷனே" என்று வீட்டில் அவசரப்படுத்துவார்கள். 12 முதல் 18 மாதம் வரை தள்ளிப்போடுவது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது என்பதை மாமியார் முன்னிலையில் நீ சொன்னால் அந்தப் பெண்ணின் பாரம் குறையும். பைபாஸ் செய்தவருக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உட்கிரகிக்கப்படாமல் போகலாம். மகப்பேறு மருத்துவரிடம் வேறு வழி கேட்கச் சொல்.

எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்குப் போதுமான அளவு இறங்காது. அதை மறைக்காதே. ஒரு வருடத்துக்கு மேலாகியும் மொத்த எடையில் 20 சதவீதத்துக்குக் குறைவாக இறங்கியிருந்தால் அதைக் குறைந்த பலன் என்றே இன்று வகைப்படுத்துகிறார்கள். அறுவை மருத்துவரிடம் அனுப்பு. எண்டோஸ்கோபி, படம் எடுத்துப் பார்ப்பார்கள். மருந்து சேர்க்கலாம். ஆபரேஷனில் பலன் குறைந்தவர்களுக்கு லிராகுளுடைட் உதவுகிறது என்று பாரி-ஆப்டிமைஸ் என்ற பிரிட்டிஷ் சோதனை 2023இல் காட்டியது; 2025இலிருந்து டிர்செப்படைடும் இந்தியாவில் கிடைக்கிறது. தேவைப்பட்டால் மறு அறுவையும் உண்டு. உடல்பருமன் நாள்பட்ட நோய். ஒரு பிரஷர் மாத்திரை போதாமல் இரண்டாவது சேர்க்கும்போது யாரும் நோயாளியைத் திட்டுவதில்லை. இங்கேயும் அதே மரியாதை வேண்டும்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும் முன் ஒரு வேலை செய்வாயா? உன் பிரிவின் ரிஜிஸ்டரை எடுத்து, ஆறு மாதமாக வராதவர்களின் பெயர்களைத் தனியே எழுது. அவர்களை நீயே போனில் கூப்பிடு. எடை எவ்வளவு என்று கேட்கவே கேட்காதே. எப்படி இருக்கிறீர்கள், விட்டமின் மாத்திரை தீர்ந்துவிட்டதா, ரத்தப் பரிசோதனை செய்ய என்றைக்கு வர முடியும் என்று கேள். வருகிறவர்களை மெஷினில் ஏற்றுவதற்கு முன் உட்கார வைத்துப் பேசு.

அன்புடன்,
உன் அக்கா