தலைவர்கள் தயாராகும் பட்டறை



தலைவர் என்றால் யார்? மேடையில் மைக் பிடிப்பவரா? கழுத்தில் மாலை விழுந்தவரா? நம்ம பாலிடெக்னிக்கில் யூனியன் தேர்தல் வந்தால், "அவன் நல்லா பேசுவான்டா, அவனையே நிறுத்து" என்கிறோம். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டுவதோடு சரி. நானும் அந்த பெஞ்சுக்காரன்தான். அப்படிப்பட்டவர்களிடமிருந்தே தலைவர்களை உருவாக்கிய ஓர் அமைப்பைப் பற்றி நான் படித்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

பள்ளி பிறந்த விதம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மான்டீகிள் என்ற மலையூருக்கு அருகே 1932-ல் 'ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளி' தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் மைல்ஸ் ஹார்ட்டன், டான் வெஸ்ட் என்ற இரு இளைஞர்கள். அதற்கு முன் ஹார்ட்டன் டென்மார்க் சென்று, அங்கே விவசாயிகளுக்காக நடந்த நாட்டுப்புறப் பள்ளிகளைப் பார்த்து வந்திருந்தார். இது இலாப நோக்கமில்லாத அமைப்பு. இங்கே பரீட்சை இல்லை, மார்க் இல்லை, சான்றிதழும் இல்லை. முதலில் சுரங்கத் தொழிலாளர், மில் தொழிலாளர், ஏழை விவசாயிகள் வந்தார்கள். பின்னர் கருப்பின மக்களும் வெள்ளையரும் ஒரே அறையில் தங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒன்றாகப் பாத்திரம் கழுவினார்கள். இனப்பிரிவினை சட்டமாகவே இருந்த மாநிலத்தில் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று எண்ணிப் பாருங்கள்!

பாடம் நடத்திய முறை

நமக்கு ஒர்க்‌ஷாப் என்றால் ஃபிட்டிங், வெல்டிங். அங்கேயும் வகுப்புக்கு 'ஒர்க்‌ஷாப்' என்றுதான் பெயர். அரம் பிடிக்கிறதை வேடிக்கை பார்த்தே கற்றுக்கொண்டவன் எவனும் இல்லை. நம்ம கையால் தேய்த்தால்தான் ஜாப் மட்டத்துக்கு வரும். ஹைலேண்டரின் கொள்கையும் இதுதான். எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். "உங்க ஊரில் என்ன பிரச்சினை? இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்?" என்று கேட்பார்கள். வந்தவர்களின் அனுபவம்தான் முதல் பாடப்புத்தகம். கடைசியில், "ஊருக்குத் திரும்பிப் போய் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும்.

1955 கோடையில் இங்கே வந்து கலந்துகொண்டவர் ரோசா பார்க்ஸ் என்ற தையல் தொழிலாளி. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, மாண்ட்கோமரி நகரப் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழ மறுத்துக் கைதானார். அதைத் தொடர்ந்து மக்கள் 381 நாட்கள் பஸ்ஸைப் புறக்கணித்ததை உலகமே அறியும். 1958-ல் இங்கே வந்தவர் ஜான் லூயிஸ். குத்தகை விவசாயியின் மகன். அப்போது அவருக்கு 18 வயது, நம்ம வயதுதான்! 1963-ல் வாஷிங்டன் பேரணியில் பேசிய தலைவர்களுள் ஒருவரானார். பிற்காலத்தில் 1987 முதல் 2020-ல் மறையும் வரை அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தார்.

கைநாட்டிலிருந்து ஓட்டுரிமைக்கு

என்னை மிகவும் தொட்டது ஜான்ஸ் தீவின் கதை. தெற்குக் கரோலினாவில் ஓட்டுப் பட்டியலில் பெயர் சேர்க்க, அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும். படிக்காதவனுக்கு ஓட்டு இல்லை. கருப்பின மக்களுக்குச் சரியான படிப்பும் கிடைக்க விடவில்லை. பூட்டையும் போட்டு, சாவியையும் ஒளித்து வைத்த கதை!

அந்தத் தீவில் பஸ் ஓட்டியவர் ஈசா ஜென்கின்ஸ். வேலைக்குப் போகிறவர்களுக்குப் பஸ்ஸிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். அது போதவில்லை என்று ஹைலேண்டரிடம் உதவி கேட்டார். அங்கே பயிற்சிப் பொறுப்பில் இருந்தவர் செப்டிமா கிளார்க். மக்கள் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததற்காக 1956-ல் ஆசிரியை வேலையை இழந்தவர். இவர்கள் தேர்ந்தெடுத்த ஆசிரியை யார் தெரியுமா? பெர்னிஸ் ராபின்சன் என்ற, பியூட்டி பார்லர் நடத்திய பெண்! பயிற்சி பெற்ற ஆசிரியர் வந்தால் பெரியவர்களைச் சின்னப் பிள்ளை மாதிரி நடத்திவிடுவார் என்று யோசித்தே இப்படிச் செய்தார்கள்.

1957 ஜனவரியில், ஒரு கடையின் பின்னறையில், 14 பேரோடு வகுப்பு தொடங்கியது. சின்னப் பிள்ளைப் பாட்டு எதுவும் இல்லை. தன் பெயரை எழுதுவது, மணியார்டர் ஃபாரம் நிரப்புவது, சட்டப் பகுதியை வாசிப்பது, இவைதான் பாடம். படித்தவர்கள் ஓட்டுரிமை பெற்றார்கள். அடுத்தடுத்த ஊர்களுக்கும் இது பரவியது. 1961-ல் மார்ட்டின் லூதர் கிங் தலைமை வகித்த அமைப்பு இத்திட்டத்தை எடுத்து நடத்தியது. 1965-ல் வந்த ஓட்டுரிமைச் சட்டம் அந்த வாசிப்புச் சோதனைக்கே முற்றுப்புள்ளி வைத்தது.

சும்மா விட்டார்களா? 1961-ல் மாநில அரசு ஹைலேண்டரின் உரிமத்தை ரத்து செய்து, சொத்தையும் பறித்தது. உடனே வேறு பெயரில் பதிவு செய்து நாக்ஸ்வில் நகரில் தொடர்ந்தார்கள். பின்னர் நியூ மார்க்கெட் என்ற ஊருக்கு மாறினார்கள். 2019-ல் அலுவலகக் கட்டடம் தீயில் எரிந்த பிறகும் அப்பணி நிற்கவில்லை.

நமக்கு என்ன பாடம்?

என் அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார்கள். கூட்டத்தில் தீர்மான நோட்டை நீட்டினால் கைநாட்டு வைப்பார்கள். போன தீபாவளிக்கு அப்புறம் ஒரு நாள், "தம்பி, நோட்டுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கே தெரியணும்டா. கடன் பாக்கி எவ்வளவுன்னு அடுத்தவங்க வாயப் பார்த்துட்டு நிக்க முடியல" என்றார்கள். இப்போது இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, வங்கிப் பாஸ்புக்தான் எங்கள் பாடப்புத்தகம். வரவு, பற்று, இருப்பு என்ற மூன்று சொற்களையும் அம்மா வாசிக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா இருவரும் வந்து உட்காருகிறார்கள். போன மாதக் கூட்டத்தில், "இந்தக் கணக்கை இன்னொரு தரம் வாசிங்க" என்று அம்மா கேட்டார்களாம். குழுவில் முதன்முதலாக எழுந்த கேள்வி அது!

ஆகவே நண்பர்களே, நம் யூனியனுக்கு மூன்று யோசனைகள்:

1. கூட்டத்தில் மேடை வேண்டாம், வட்டமாக உட்காருவோம். ஒவ்வொரு பிரிவிலும் இதுவரை வாய் திறக்காத ஒருவர் முதலில் பேசட்டும்.

2. என்.எஸ்.எஸ். முகாமில் ரோடு கூட்டுவதோடு நிற்காமல், முதியோர் பென்ஷன் மனு, வங்கிச் சலான் ஆகியவற்றை ஊர்க்காரர்களே நிரப்பக் கற்றுக்கொடுப்போம். எழுதிக் கொடுத்தால் ஒரு நாள் உதவி. எழுத வைத்தால் ஆயுளுக்கும் உதவி.

3. கற்றுக்கொண்டவர் ஒருவரையே அடுத்த வகுப்புக்கு ஆசிரியராக்குவோம்.

அந்த முகாமில் நாம் கைகோத்துப் பாடுகிறோமே, 'வீ ஷல் ஓவர்கம்', அதை 1946-ல் புகையிலைத் தொழிலாளர்களிடமிருந்து கற்று, மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஹைலேண்டரின் ஜில்பியா ஹார்ட்டன்தான். அடுத்த முறை பாடும்போது அந்தக் கடையின் பின்னறையையும், அந்த 14 பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாடி முடித்ததும், "ஊருக்குப் போய் என்ன செய்யப் போகிறாய்?" என்று பக்கத்தில் நிற்பவனைக் கேளுங்கள்.