எந்தச் செயலியில் வண்டி அழைப்பது?

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. தாசேக் கெலுகோரில் வாழும் ஒரு குடும்பம் இலங்கையின் நீர்கொழும்புக் கடற்கரைக்குச் சுற்றுலா செல்ல முடிவெடுத்தது. விமானச் சீட்டும் தங்கும் விடுதியும் பதிவாகிவிட்டன. விமானம் இரவு மணி 11.00க்குக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் தரையிறங்கும்.

"அங்கிருந்து விடுதிக்கு எப்படிப்பா போவது? இந்த முழங்கால் வலியோடு நடுராத்திரியில் என்னால் நிற்க முடியாதே," என்றார் பாட்டி.

"கவலைப்படாதீங்கம்மா, கிராப்பில் கார் அழைத்துக்கொள்ளலாம்," என்றார் அப்பா.

படிவம் நான்கில் பயிலும் மகள் திறன்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, இலங்கையில் கிராப் சேவையே இல்லை!" என்றாள்.

அப்பா அப்படி எண்ணியதில் வியப்பில்லை. 2012ஆம் ஆண்டு மலேசியாவில் 'மைதெக்சி' என்னும் பெயரில் தொடங்கப்பட்ட சேவைதான் இன்றைய கிராப். மலேசியர்களான அந்தோணி டான், டான் ஹூய் லிங் ஆகிய இருவரும் அதனை உருவாக்கினர். இன்று அது தென்கிழக்காசியாவின் எட்டு நாடுகளில் இயங்குகிறது. தாய்லாந்து, இந்தோனேசியக் கடற்கரைகளுக்குச் செல்லும் மலேசியர்கள் அதே செயலியை அங்கும் பயன்படுத்தலாம். ஆனால், இலங்கை தெற்காசியாவில் உள்ளது. அங்கே 2015ஆம் ஆண்டில் 'பிக்மீ' என்னும் உள்நாட்டுச் செயலி அறிமுகமானது. அவ்வாண்டு இறுதியில் ஊபரும் கொழும்பில் சேவையைத் தொடங்கியது. இவற்றின்வழி கார் மட்டுமன்றி, அந்நாட்டு மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் முச்சக்கர வண்டியையும் அழைக்கலாம்.

இரண்டு செயலிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது? "கட்டணம் குறைவாக உள்ளதைத்தான்" என்று நாம் உடனே விடை கூறிவிடுவோம். கட்டணம் முக்கியம்தான், எனினும், அது முதல் கேள்வியன்று.

முதலில், நாம் நிற்கும் இடத்தில், நாம் பயணம் செய்யும் நேரத்தில் வண்டி கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். ஜோர்ஜ்டவுன் நகரில் செயலியை அழுத்தினால் சில நிமிடங்களில் கார் வந்துவிடும். அதே செயலியைத் தாசேக் கெலுகோரில் பின்னிரவில் அழுத்திப் பாருங்கள்! ஓட்டுநர் அருகில் இல்லையென்றால், நெடுநேரம் காத்திருக்க நேரிடும். செயலி ஓட்டுநரையும் பயணியையும் இணைக்குமே தவிர, வண்டியை உருவாக்காது. கடற்கரைச் சிற்றூர்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, பாதுகாப்பு. நம் நாட்டில் 12 ஜூலை 2019 முதல் மின்னழைப்பு வாகன ஓட்டுநர்கள் பொதுச் சேவை வாகன உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நாட்டிலும் விதிகள் வேறுபடும். ஆயினும், எந்த நாட்டிலும் பயணி செய்யக்கூடியவை சில உள்ளன. வண்டியின் பதிவெண்ணும் ஓட்டுநரின் படமும் செயலியில் உள்ளவற்றோடு ஒத்துள்ளனவா எனச் சரிபார்த்த பின்னரே ஏற வேண்டும். பயண விவரத்தைக் குடும்பத்தாரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். "செயலியை ரத்து செய்துவிட்டு என்னிடம் நேராகப் பணம் கொடுங்கள்" என்று ஓட்டுநர் கேட்டால் இணங்கக்கூடாது. ரத்து செய்துவிட்டால் அப்பயணத்தின் பதிவும் இல்லாமல் போகும்.

மூன்றாவது, மொத்தச் செலவு. ஒரே பயணத்திற்கு இரு செயலிகளும் வெவ்வேறு கட்டணம் காட்டலாம். மழை பெய்தாலோ பலர் ஒரே நேரத்தில் அழைத்தாலோ கட்டணம் ஏறும். வங்கி அட்டையில் செலுத்தினால் நாணய மாற்றுக் கட்டணமும் சேரக்கூடும். ஆகவே, கையில் சிறிதளவு இலங்கை ரூபாயும் இருப்பது நல்லது.

நான்காவது, முன்கூட்டியே பதிவு செய்தல். புதிய கணக்கைத் தொடங்கும்போது சரிபார்ப்பு எண் நம் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும். வெளிநாடு சென்றதும் உள்ளூர் சிம் அட்டைக்கு மாறிவிட்டால், மலேசிய எண்ணுக்கு வரும் செய்தி கிடைக்காமல் போகலாம். எனவே, வீட்டிலிருக்கும்போதே பதிவு செய்துவிட வேண்டும்.

இங்கு நாம் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். ஊபர் ஒரு காலத்தில் மலேசியாவிலும் இயங்கியது. மார்ச் 2018இல் அந்நிறுவனம் தன் தென்கிழக்காசிய வணிகத்தைக் கிராப்பிடம் விற்றது. அதன்பின் சிங்கப்பூரில் பயணிகள் செலுத்திய கட்டணம் 10 முதல் 15 விழுக்காடு உயர்ந்ததாக அந்நாட்டின் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் கண்டறிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் இரு நிறுவனங்களுக்கும் மொத்தம் ஏறத்தாழ 13 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதித்தது. தேர்ந்தெடுக்க ஒன்றுக்கு மேல் இருந்தால்தான் தேர்வு என்பதற்கே பொருள் உண்டு.

அக்குடும்பம் என்ன முடிவெடுத்தது? மகள் இரு செயலிகளையும் பதிவிறக்கிக் கணக்குத் தொடங்கினாள். பகலில் ஊர் சுற்ற, ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்த்து வண்டி அழைப்பது என்று தீர்மானித்தார்கள். முதல் இரவுக்கு மட்டும் எந்தச் செயலியையும் அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்பி, கட்டணத்தை முன்னதாகவே பேசி, விமான நிலையத்திற்குக் கார் அனுப்பக் கேட்டுக்கொண்டார்கள். கட்டணம் சற்று அதிகம்தான்.

"பாட்டி நிற்காமல் ஏறி உட்காரலாம். அதற்காகத்தான் அந்தக் கூடுதல் பணம்," என்றாள் மகள்.

'ஆழமறியாமல் காலை இடாதே' என்பது பழமொழி. அது கடலுக்கு மட்டுமன்று, கையிலுள்ள செயலிக்கும் பொருந்தும்.

சிந்தித்து விடையளித்திடுக.

1. அப்பா எண்ணியவாறு கிராப்பில் கார் அழைக்க இயலாததன் காரணம் யாது?
2. 'செயலி ஓட்டுநரையும் பயணியையும் இணைக்குமே தவிர, வண்டியை உருவாக்காது' என்பதன் பொருளை விளக்குக.
3. முதல் இரவுப் பயணத்திற்குக் குடும்பத்தார் எடுத்த முடிவு சரியானதா? உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. உன் வட்டாரத்தில் மின்னழைப்பு வாகனம் எளிதில் கிடைக்கிறதா? நண்பர்களுடன் கலந்துரையாடுக.