குளிசையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

தம்பி,

கல்முனையில் வைத்தியம் தொடங்குகிறீர்கள். வலிப்புக்காரர் ஒருவர் உங்களிடம் வரும்போது அநேகமாக ஓதிப் பார்த்து, இசிம் எனும் தாயத்தும் கட்டி முடித்திருப்பார். ஆஸ்பத்திரிக் குளிசையும் பையில் இருக்கும். அதை விட்டுவிட்டு உங்கள் மருந்தை எடுக்கலாமா என்று கேட்பார். விடக்கூடாது என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்ல நீங்கள் ஆயுர்வேதத்தை விட்டு வெளியே போகவும் வேண்டியதில்லை. சரக சங்கிதையின் சிகிச்சைப் பகுதியில் பத்தாம் அத்தியாயம் அபஸ்மாரம் எனும் வலிப்பு நோய்க்கானது. நினைவு தப்பி இருளில் விழுவதையும், பதினைந்து நாள், பன்னிரண்டு நாள், மாதம் என இடைவிட்டு வருவதையும் பார்த்து எழுதிய அந்நூல், மூன்று தோஷமும் கூடியதும் நாட்பட்டதும் தீராது என்று ஒளிக்காமல் சொல்கிறது. நோயாளியைத் தண்ணீர், நெருப்பு, மரம், மலை ஆகியவற்றிலிருந்து எப்போதும் காக்கச் சொல்வதும் அங்கேதான். நம் கரையில் அது தோணியில் போகும் வாப்பாவுக்கும், கிணற்றடியில் தனியே குளிக்கும் பிள்ளைக்கும், விறகடுப்பின் முன் நிற்கும் உம்மாவுக்கும் பொருந்தும். என் கணிப்பில் முழு அத்தியாயத்திலும் பயன் மிகுந்த இடம் இதுவே. பஞ்சகவ்ய நெய்யும் அங்கே உண்டு. பசுவின் மூத்திரமும் சாணமும் சேரும் அதை நம்மூரில் யாருக்குக் கொடுப்பீர்கள் என்பது வேறு கதை.

பழைய பரிசாரிமார் சுகப்படுத்தவில்லையா என்று கேட்பார்கள். இடைவிட்டு வரும் நோயில், வலிப்பு வந்த மறுநாள் எதைக் கொடுத்தாலும் அடுத்த சில வாரம் அமைதியாகவே கழியலாம். குழந்தைகளின் காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் வயதோடு தானாக நிற்கும். பேர் மருந்துக்குப் போய்விடும். குளிசைக்கோ கணக்கு உண்டு: சரியான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நெய்க்கும் மூக்கில் விடும் நசியத்துக்கும் அப்படியொரு கணக்கு இன்னும் இல்லை. குளிசையைத் திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிரே போகலாம். ஈயம் கலந்த பற்பமோ இன்னும் மோசம், ஈய நஞ்சே வலிப்பை உண்டாக்கும்.

ஜின் பிடித்தது என்பாருக்குப் புகாரியில் வரும் ஹதீஸை நினைவூட்டுங்கள். வலிப்பு வந்து உடை விலகுவதாக முறையிட்ட பெண்ணை நபியவர்கள் ஒதுக்கவில்லை. பொறுத்தால் சுவர்க்கம் என்றார்கள், அவர் கேட்டபடி உடை விலகாதிருக்க துஆவும் செய்தார்கள். துஆவும் குளிசையும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

அப்படியானால் எனக்கு என்ன வேலை என்பீர்கள். டாக்டர் சில நிமிடம் பார்ப்பவரிடம் நீங்கள் அரை மணி பேசலாம்: தூக்கம், சாப்பாடு, தவறிய வேளைகள், விழுந்த விதம். நோன்பில் சஹருக்கு எழும்பித் தூக்கம் குறைவதும் மருந்து நேரம் தவறுவதும் வலிப்பைக் கிளப்பும். றமழானுக்கு முன்பே கிளினிக்கில் கேட்டு வரச் சொல்லுங்கள். கையில் இரும்பைத் திணிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைக்க வீட்டாருக்குக் காட்டிக் கொடுங்கள். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் உங்கள் வாசலில் நிறுத்திவைக்காமல் நேரே அஷ்ரஃப் ஞாபகார்த்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.