தொழிற்பயிற்சி: திரையில் எது, பட்டறையில் எது?

ஆனேக்கல் வட்டத்தில் ஜிகனி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி எனத் தொழிற்பேட்டைகள் பல அமைந்துள்ளன. அங்கு வேலை நாடும் இளைஞர்கள் முன் இன்று இரு வழிகள் உள்ளன. ஒன்று, வீட்டிலிருந்தே கற்கும் இணையவழிப் படிப்பு; மற்றொன்று, பட்டறையில் நின்று கற்கும் செய்முறைப் பயிற்சி. எதற்குக் கட்டணம் செலுத்துவது என்பது சிறிய கேள்வி அன்று. தொழில் கைவராவிட்டாலும் கடன் தவணையைக் கட்டியே ஆக வேண்டும். ஆகவே, நல்ல பயிற்சி எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

மைக்ரோமீட்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கையும் அளக்கும் கருவி இது. அதன் பாகங்களையும் அளவைப் படிக்கும் முறையையும் காணொலி தெளிவாகக் காட்டிவிடும். புரியாத இடத்தை மீண்டும் ஓட்டிப் பார்க்கவும் இயலும். ஆனால் திருகை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை விரல்தான் உணர வேண்டும். சற்று மிகுதியாக இறுக்கினாலும் அளவு தவறும். அந்தப் பிழையை அருகில் நிற்கும் ஆசிரியரே உடனே கண்டு திருத்துவார். எனவே விளக்கப் பாடத்தை இணையத்திலும் கைப்பழக்கத்தைப் பட்டறையிலும் வைப்பதே பயனுள்ள பங்கீடு.

காணொலியைப் பலமுறை பார்த்தவருக்குப் பாடம் தெரிந்துவிட்டதாகவே தோன்றும். அது பெரும்பாலும் மயக்கமே. அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததைப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களே ஒரு வாரத்துக்குப் பின் அதிகம் நினைவில் வைத்திருந்தனர். சிறு பகுதிகளாகவும், ஒவ்வொன்றின் முடிவிலும் வினாக்களுடனும் அமைந்த இணையப் பாடமே சிறந்தது.

பட்டறைப் பயிற்சிக்கு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் கையாண்ட நான்கு படிகள் இன்றும் பொருந்துகின்றன: கற்பவரை ஆயத்தப்படுத்துதல், வேலையைச் செய்து காட்டுதல், அவரையே செய்யவைத்துத் திருத்துதல், பின்னர் தொடர்ந்து கவனித்தல். மூன்றாம் படியில் மாணவர் வேலையைச் செய்வதோடு, ஏன் அவ்வாறு செய்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும்.

எளிதில் விடுபட்டுப்போவது நான்காம் படி. கர்நாடகத்தின் உஜிரேயில் 1982இல் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் இணைந்து தொடங்கிய ருட்செட்டி நிறுவனம் இதற்கு நல்ல முன்மாதிரி. அதைப் பின்பற்றி வங்கிகள் பல மாவட்டங்களில் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் ஊரக இளைஞர்களுக்குப் பயிற்சி இலவசம். பயிற்சி முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் வரை வழிகாட்டுதலும் தொடர்கிறது.

கட்டணப் பயிற்சியில் சேர்வோருக்கும் உதவி உண்டு. மத்திய அரசின் மாதிரித் திறன் கடன் திட்டத்தில் உச்சவரம்பு 2024இல் 1.5 லட்சம் ரூபாயிலிருந்து 7.5 லட்சமாக உயர்த்தப்பட்டது. விண்ணப்பிக்கும் முன் பயிற்சி நிலையத்தாரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. மொத்த நேரத்தில் பட்டறை நேரம் எவ்வளவு?
2. ஓர் இயந்திரத்துக்கு எத்தனை மாணவர்கள்?
3. மாணவரின் பிழையை யார், எப்போது திருத்துகிறார்?
4. பயிற்சி முடிந்தபின் என்ன துணை கிடைக்கும்?

விடைகளைக் கேட்டதோடு நில்லாமல், வேலை நடக்கும் நேரத்தில் பட்டறைக்கு நேரில் சென்று பாருங்கள். கடன் விண்ணப்பத்தில் அதன் பின்னரே கையொப்பமிடுங்கள்.