துன்புறும் பெண்ணுக்குத் துணை நிற்கும் முறை

இல்லத்தினுள் நிகழும் கொடுமையைக் ‘குடும்ப விஷயம்’ என ஒதுக்கிவிடுவது நெடுநாள் வழக்கம். 2005ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அவ்வழக்கத்தை ஏற்கவில்லை. இத்துன்பத்திற்கு உள்ளான பெண்களுக்குத் தொண்டு செய்ய விழைவோர் அறிய வேண்டுவனவற்றை இப்பாடத்தில் காண்போம்.

எது வன்முறை?

அடிப்பது மட்டுமே வன்முறை எனப் பலரும் கருதுகின்றோம். இச்சட்டமோ உடல், பாலியல், சொல்லும் மனமும், பொருள் என நால்வகைக் கொடுமைகளைக் குறிப்பிடுகின்றது. மகப்பேறு இன்மையைக் குத்திக் காட்டுதல், வீட்டுச் செலவுக்குப் பணம் மறுத்தல், சீதனத்தை விற்றுவிடுதல் ஆகியனவும் இதில் அடங்கும். மனைவியர் மட்டுமன்றி, உடன் வாழும் தாயர், சகோதரியர், புதல்வியர் ஆகியோரும் பாதுகாப்புப் பெறலாம்.

தொண்டர்தம் கடமைகள்

1. கேட்டல்: “நீ என்ன பேசினாய்? இத்தனை நாள் ஏன் பொறுத்தாய்?” என்னும் வினாக்கள் குற்றத்தை அவர்மேல் சுமத்துவன. “அம்மா, நீங்கள் சொல்வதை நம்புகிறோம், இது உங்கள் குற்றமன்று” என்பதே நாம் கூறவேண்டிய முதற்சொல்.

2. மறைபொருள் காத்தல்: வீட்டை விட்டு விலக முனையும் வேளையே பெரும் ஆபத்து நிறைந்தது. ஆதலின் அவர் கூறியதை உறவினரிடம், நல்லெண்ணத்தோடேனும், சொல்லலாகாது. எந்நேரத்தில் தொலைபேசியில் அழைக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

3. வழி காட்டல்: பெண்கள் உதவி எண் 181 இரவும் பகலும் இயங்குகின்றது. உடனடி ஆபத்தெனில் 112. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தரும் எவர்மீதும் வழக்குத் தொடர இயலாது என்று சட்டத்தின் 4ஆம் பிரிவு உறுதியளிக்கின்றது. வீடு தம் பெயரில் இல்லாவிடினும் அங்கு வசிக்கும் உரிமை அவருக்கு உண்டு (பிரிவு 17). வருமானம் எவ்வளவாயினும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள் இலவச சட்ட உதவி பெறலாம். மருத்துவமனைச் சீட்டு, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், குழந்தைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றைப் பாதுகாப்பான இடத்தில் வைக்க நினைவூட்டலாம்.

4. முடிவை அவரிடமே விடுதல்: மாணவன் கையிலிருந்து பலகையை வாங்கி ஆசிரியரே கணக்கைப் போட்டுவிட்டால் விடை கிடைக்கும், மாணவன் கற்றிருக்கமாட்டான். வீட்டில் ஒருவர் ஆணையிட்டு ஆட்டுவித்தார். வெளியே நாம் ஆணையிட்டால் அவருக்கு வாய்த்தது விடுதலையன்று, மற்றோர் எசமானரே. அவர் மீண்டும் அவ்வீட்டிற்கே திரும்பினும் சினங்கொள்ளலாகாது. “எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்” என்ற சொல்லே பின்னாளில் அவர் உயிரைக் காக்கக்கூடும்.

தொண்டர் தவிர்க்க வேண்டியது ஒன்றுண்டு. இருவரையும் ஓரிடத்தில் அமர்த்திப் பஞ்சாயத்துப் பேசுதல் கூடாது. அச்சமுற்றவர் அங்கே உண்மை பேசமாட்டார். பேசினால் அன்றிரவே அதற்குரிய தண்டனையை அடைவார்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. “பொறுத்துப் போ” என நம் வீட்டுப் பெண் எவருக்கேனும் கூறியுள்ளோமா? அப்போது அவர் கூறியதை முழுதும் கேட்டோமா?

2. அண்டை வீட்டில் நள்ளிரவில் அலறல் கேட்பின் நாம் முதலில் செய்யத்தக்கது யாது?

3. நம் மகள் துன்பம் நேரின் அஞ்சாது வந்து கூறும் வண்ணம் நம் இல்லம் உள்ளதா?

மூன்றாம் வினாவிற்குக் குடும்பத்தினர் அனைவரும் கூடியிருந்து விடை காண்பது நலம்.