பெருநிறுவனங்களின் ஆதரவும் புதிய தொழில் முனைவோரும்

புதிதாகத் தொழில் தொடங்குவோரை ஊக்குவிப்பது அரசுக்கும் வங்கிகளுக்குமே உரிய பணி என்று கருதப்பட்ட நிலை மாறிவிட்டது. 2012-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் பெங்களூரில் ஓர் ஊக்குவிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தேர்வு பெற்ற நிறுவனங்களுக்குச் சில மாதங்கள் இடமும் ஆலோசனையும் அளித்த அத்திட்டம், பதிலுக்குப் பங்கு எதனையும் கோரவில்லை. 2016 ஜனவரி 16 அன்று மத்திய அரசு ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ இயக்கத்தைத் தொடங்கியதை அடுத்து, இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம் போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் தத்தம் திட்டங்களை வகுத்தன.

தொழில் முனைவோர் இவற்றை வரவேற்கின்றனர். ஆயினும் அவர்கள் நாடுவது பெரும்பாலும் ஆலோசனையை அன்று, கொள்முதல் ஆணையை. குழாய்க் கசிவைக் கண்டறியும் கருவி ஒன்றை உருவாக்கிய ஐந்து பேர் கொண்ட நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பெருநிறுவனத்தின் புத்தாக்கப் பிரிவு கருவியைப் பாராட்டி, ஆலையில் ஆறு மாதம் சோதித்துப் பார்க்க இசைகிறது. சோதனைக்குக் கட்டணம் இல்லை. சோதனை வெற்றி பெற்றபின் கோப்பு கொள்முதல் பிரிவுக்குச் செல்கிறது. அங்கோ மூன்றாண்டு விற்பனைக் கணக்கும் முன் அனுபவமும் கேட்கப்படுகின்றன! பாராட்டியவருக்கு வாங்கும் அதிகாரம் இல்லை. வாங்குபவருக்குப் புதுமையில் அக்கறை இல்லை. பெருநிறுவனத்திற்கு இது சிறு தாமதம். ஐவருக்கோ ஆறு மாதச் சம்பளம்.

அரசுக் கொள்முதலில், தரத்திற்கு ஊறு நேராத வகையில், முன் அனுபவம், விற்பனை அளவு ஆகிய நிபந்தனைகளைப் புதிய நிறுவனங்களுக்குத் தளர்த்த வழி செய்யப்பட்டுள்ளது. தனியார் நிறுவனங்களை இவ்விதி கட்டுப்படுத்தாது.

ஆணை கிடைத்த பின்னும் பணம் வந்து சேர வேண்டும். குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் (2006), சிறு நிறுவனங்களுக்கு உரிய தொகையை 45 நாட்களுக்குள் செலுத்த வேண்டும் என்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி உண்டு. ஆனால், முதல் வாடிக்கையாளர் மீதே புகார் கொடுக்க எவர் துணிவார்? எனவே, உரிய காலத்தில் செலுத்தப்படாத தொகையை அவ்வாண்டின் செலவாகக் கழிக்க இயலாது என 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தம், புகாரை எதிர்பாராமல் செயல்படுவதால், கூடுதல் பயன் தரக்கூடியது எனலாம்.

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2015-இல் வேறு வழியைக் கையாண்டது. பங்கு வாங்காமல், புதிய நிறுவனத்தின் பொருளையே முதல் வாடிக்கையாளராக விலை கொடுத்து வாங்கிச் சோதித்தது. இந்தியத் தொழில் முனைவோர் விரும்புவதும் ஏறத்தாழ இதுவே. அத்துடன், சோதனையில் திரளும் தகவல்களும் அவற்றால் ஏற்படும் மேம்பாடுகளும் எவருக்கு உரியவை என்பது சோதனை தொடங்கும் முன்னரே ஒப்பந்தத்தில் எழுதப்படவேண்டும் என்றும் அவர்கள் எதிர்பார்க்கின்றனர்.