மெட்ராஸ் பெயர் தாங்கிய நரம்பு நோய்

வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய், பதினெட்டு வயது மகனோடு வந்திருந்தார்.

"டாக்டர், இவனுக்குச் சட்டைப் பொத்தான் போட வரலை. சோறு பிசைய விரல் மடங்க மாட்டேங்குது. வாதம்னு சொன்னாங்க. நாலு மாசமா தைலம் தேய்க்கிறோம்..."

கையைப் பார்த்தேன். கட்டைவிரல் அடிச்சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. பேச்சு மூக்கால் வந்தது. நான் கேட்டதையெல்லாம் அம்மாதான் உரக்கத் திருப்பிச் சொன்னார். "காதும் மந்தம்ங்க. அது வேற கோளாறு, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டோம்."

வேறு கோளாறு இல்லை. இரண்டும் ஒன்றாக இருக்கலாம்!

தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சிறுகச் சிறுகச் செத்துப்போவதைத்தான் மோட்டார் நியூரான் நோய் என்கிறார்கள். உலகெங்கும் அதிகம் காண்பது ஏ.எல்.எஸ். என்ற வகை. பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வரும். பலரை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் கொண்டுபோய்விடும். 1963-ல் நோய் கண்டறியப்பட்ட ஸ்டீபன் ஹாக்கிங் 2018 வரை வாழ்ந்தது அபூர்வம்.

1970-ல் சென்னை நரம்பியல் மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் வேறொரு வகையைப் பற்றி எழுதினார்கள். நோயாளிகள் இளவயதினர். கை கால் மெலியும், முகமும் தொண்டையும் தளரும், பலருக்குக் காதும் கேட்காது. இதற்கு 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஊர்ப் பெயர் 1996-ல் மாறியும் நோயின் பெயர் மாறவில்லை!

பெங்களூர் நிம்ஹான்ஸில் 1971 முதல் 2007 வரை, 36 ஆண்டுகளில் பதிவானவர்கள் 116 பேர். அவ்வளவு அரிது. பெரும்பாலோர் கர்நாடகம், ஆந்திரம், தமிழகத்துக்காரர்கள். கேரளத்திலும் உண்டு. தண்ணீரா, சாப்பாடா, ரத்த சம்பந்தமா என்று கேட்பீர்கள். காரணம் இன்னும் பிடிபடவில்லை. பெரும்பாலான நோயாளிகளின் குடும்பத்தில் வேறு யாருக்கும் இது இருப்பதில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். இது ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கு. வீடு வீடாக எடுத்ததல்ல. பெரிய நரம்பியல் ஆஸ்பத்திரிக்கு எட்டாத கிராமத்தில் இந்த நோய் வெறும் 'வாத'மாகவே போயிருக்கும்.

நம் சித்த நூல்கள் வாத நோய்களை எண்பதாகப் பிரித்திருக்கின்றன. அதனாலேயே எந்தத் தளர்ச்சிக்கும் தைலம் என்று ஓடிவிடக் கூடாது. தைலம் பிடிப்பைத் தளர்த்தும். செத்த நரம்பணுவை மீட்காது. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. அச்சாக இதே சாயலில், காது மந்தத்தோடு கை கால் தளரும் ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. ரிபோஃப்ளேவின் என்ற பி-2 வைட்டமினை உடம்பு செல்களுக்குள் கொண்டுசேர்க்க முடியாததால் வருவது அது. மரபணுக் காரணம் 2010-லிருந்துதான் தெரியவந்தது. அதற்கு மருந்து உண்டு: அதே வைட்டமின், மிக அதிக அளவில். சீக்கிரம் தொடங்கினால் பலர் தேறுகிறார்கள். கடையில் வாங்கும் பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை போதாது; அளவை நரம்பியல் நிபுணர்தான் சொல்ல வேண்டும்.

நான் மருந்து எழுதவில்லை. நரம்பியல் நிபுணருக்குக் கடிதம் கொடுத்தேன். கேட்கும் திறன் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை இரண்டையும் கேட்டு எழுதினேன்.

"பையன் பிழைப்பானா டாக்டர்?"

"மெட்ராஸ் வகைதான்னா மெதுவாத்தான் போகும்மா. பல வருஷம் இருக்கிறவங்க நிறைய பேர். சாப்பிடும்போது நிமிர்ந்து உட்காரட்டும், சின்னச் சின்ன வாயா விழுங்கட்டும். புரையேறினாலோ, படுத்தா மூச்சு வாங்கினாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."